சரிங்க கமிட்டி

டிஸ்பென்சர் வேலை என்பது கையில் மருந்துப் போத்தலையும் வயிற்றில் நெருப்பையும் வைத்துக்கொண்டு செய்கிற வேலை. மருந்தாவது எப்போதாவது தீர்ந்துபோகும், நெருப்பு தீராது. இலங்கையில் ஓப்பநாயக்கவிலிருந்து மலைமேல் ஏறிப்போகும் ஒரு தோட்டத்தில் நான் அந்த வேலையைப் பார்த்தேன். மேலே தேயிலை, கீழே றப்பர், நடுவில் தகரக்கூரை போட்ட டிஸ்பென்சரி. அதற்குள் நான், அட்டெண்டன்ட் பாக்கியம், ஒரு பிரசவக் கட்டில்.

இயல்பிலேயே நான் எதற்கெடுத்தாலும் பதறுகிற ஆள். "கவலைக்குச் சம்பளம் குடுத்தா நீங்கதான் பெரிய துரை" என்று என் மனைவி சொல்வாள். அப்படிப்பட்டவன் தலையில் ஒரு கமிட்டியையும் தூக்கி வைத்தார்கள். உங்களில் யாராவது கோயில் கமிட்டியிலோ, பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்திலோ, மரண உதவிச் சங்கத்திலோ செயலாளராக இருந்து, ஆள் சேராத கூட்டத்துக்கு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், என் கதை உங்களுக்குப் புரியும். புரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

விதிகள் வந்த நாள்

தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகப் பொறுப்பெடுத்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. எங்கள் டிஸ்பென்சரியையும் எடுத்தார்கள், பரீட்சார்த்தமாக என்று சொல்லி. கூடவே சிங்களத்தில் ஒரு கட்டு விதிகளும் வந்தன. பாக்கியம் அறைவாசலில் நின்று கேட்க, நான் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். கட்டடமும் மருந்தும் எங்கள் சம்பளமும் அரசாங்கத்தின் பொறுப்பு. எத்தனை மணிக்குத் திறப்பது, என்னென்ன வைத்தியம் பார்ப்பது, பொறுப்பாளர் லாயக்கானவரா இல்லையா என்பதெல்லாம் ஒரு கமிட்டியின் பொறுப்பு. அந்தக் கமிட்டியில் பாதிக்கு மேல் இங்கே மருந்து வாங்குகிறவர்களாக இருக்க வேண்டும். டிஸ்பென்சரியில் வேலை செய்கிறவர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் இருக்கக் கூடாது. மாதம் ஒரு கூட்டம் கட்டாயம்; அதைக் கூட்டிக் குறிப்பெழுதுவது பொறுப்பாளரான என் வேலை. பொறுப்பாளர் இடமாற்றம் கேட்டால்கூட கமிட்டியின் சம்மதம் வேண்டும்.

கடைசி விதியில்தான் வாசிப்பதை நிறுத்தினேன். பரீட்சார்த்த காலம் முடியும்போது மாகாணத்து அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். கமிட்டி உண்மையாக இயங்கவில்லை என்று அவர் எழுதினால் டிஸ்பென்சரியை மூடிவிட்டு எல்லோரையும் பலாங்கொடைக்குப் போகச் சொல்வார்கள். பலாங்கொடை என்றால் எங்களுக்குத் தோட்டத்து லொறி. மழை கடுமையாகப் பெய்தால் அதுவும் ஓடாது. பிரசவக் கட்டில் வருவதற்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு அந்த லொறியிலேயே, கோயில் வளைவில், குழந்தை பிறந்தது. அவனைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் லொறி என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கு முன்னால் அதே லொறியில் போன இன்னொரு பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டிய தேவையே வரவில்லை. அதனால்தான் அந்த விதியை நான் இரண்டாம் முறை வாசித்தேன். பாக்கியத்துக்கு வேறு கவலை.

"மருந்து குடிக்கிறவங்க, மருந்து குடுக்கிறவங்களுக்கு மார்க் போடணுமா? அப்பன்னா ஐயா, இன்னைக்கே அந்தக் கசப்புத் தண்ணிய நிப்பாட்டிருங்க."

சாவுக்கு வந்த கூட்டம்

முதல் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது சொன்னால் அந்திக்குள் மறந்துவிடுவார்கள் என்று கங்காணி சொன்னார். அந்திக் கொழுந்து நிறுவை முடிந்து எல்லோரும் லயத்துக்குத் திரும்பும் நேரத்தில் தப்படித்து அழைப்பதே நல்லது என்று எனக்குப் பட்டது. தப்படிக்கிற ராசு, "என்ன அடிங்க அடிக்கிறது?" என்று கேட்டார். எங்கள் தோட்டத்தில் பெரட்டுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. கமிட்டிக்கென்று அடி கிடையாது. ஆள் வந்தால் போதும், எதையாவது அடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். பெரட்டு அடியை அந்தியில் அடித்தால் மறுபடியும் வேலைக்குக் கூப்பிடுவதாக நினைத்து ஏசுவார்கள். திருவிழா அடிக்கு மாதம் சரியில்லை. ராசு நன்றாக யோசித்து, மிச்சமிருந்ததை டிஸ்பென்சரி வாசலில் நின்று அடித்துவிட்டார்.

ஆள் வந்தது. அப்படியொரு கூட்டம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை. பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். றப்பர் பால் வெட்டுகிற காளிமுத்து அன்று காலை இழுப்போடு வந்து என்னிடம் மருந்து வாங்கியதைப் பலரும் பார்த்திருந்தார்கள். ஆகவே போனது யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அவர் மனைவி படியிலேயே விழுந்து புரண்டாள். நான் கத்தியது அழுகையில் யாருக்கும் கேட்கவில்லை. என் சட்டையைப் பிடித்து உலுக்கி, என்ன மருந்து கொடுத்தாய் என்று ஒருவர் கேட்டார். என் உயிரும் அன்றைக்கே போயிருக்க வேண்டியது. அந்த நேரத்தில், தப்புச் சத்தம் கேட்டு, றப்பர் மலையிலிருந்து தோளில் விறகுக்கட்டோடு காளிமுத்தே அவசரமாக வந்து, யார் செத்தது என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

அழுதவர்கள் சிரிக்கத் தொடங்க, நான் அவசர அவசரமாகக் கூட்டத்தை ஆரம்பித்தேன். தலைவராக யாரைப் போடலாம் என்று கேட்டதும் எல்லோரும் காளிமுத்துவைக் காட்டினார்கள். அவர் விறகை இறக்கி வைத்தார்.

"செத்துப் பொழச்சி வந்துருக்கேன், இதுக்கு மேல கமிட்டி என்னங்க செஞ்சிறப் போவுது? எழுதிக்கிடுங்க பேர."

உட்கார இடம்

கமிட்டி என்றால் உட்கார்ந்து பேச வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாற்காலிகளை இரவல் வாங்கி வட்டமாகப் போட்டு வைத்தேன். அங்கத்தவர்கள் வந்தார்கள், நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரோரமாக நின்றார்கள். ஐயாமார் முன்னால் நாற்காலியில் உட்காருவது எங்கள் தோட்டத்தில் வழக்கமில்லை. கீழ்க் கிராமத்தில் வெற்றிலைக்கொடி போட்டிருந்த குணதாசவும் ஓர் அங்கத்தவர், ஏனென்றால் அரசாங்கம் எடுத்த பிறகு அந்தக் கிராமத்துச் சிங்களச் சனமும் எங்களிடம் மருந்துக்கு வந்தது. அவர் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் நிற்பதைப் பார்த்ததும் சூடு பட்டதுபோல எழுந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் எழுந்தேன். அத்தனை நாற்காலிகள் சும்மா கிடக்க, வாத்தியார் தண்டனை கொடுத்த வகுப்பு மாதிரி நாங்கள் எல்லோரும் நின்றோம்.

பாக்கியம்தான் வழி சொன்னாள். மருந்துக்கு வருகிறவர்கள் காத்திருக்கிற நீளப் பெஞ்சு வெளியே இருந்தது. அதில் உட்கார யாரும் கூச்சப்படுவதில்லை. அங்கே போனதும் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் என் ஸ்டூலைப் பெஞ்சின் முனையில் போட்டு, ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்டேன். ஒருவர் பேசி முடித்து எழுந்ததும் மற்றவர்கள் நகர்ந்து முனைக்கு வந்தார்கள். கொழுந்து எடுக்கிற தெய்வானையின் முறை வந்தது. என்னைவிட மூத்தவர், நெஞ்சுச் சளிக்கு வாராவாரம் மருந்து வாங்குகிறவர். என்ன அபிப்பிராயம் என்று கேட்டேன். அவர் பழக்கத்தில் கையை நீட்டினார். நானும் பழக்கத்தில் நாடியைப் பிடித்துவிட்டேன். அது குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையதும் அப்படித்தான் ஓடியது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"காச்ச இல்லீங்க ஐயா, கமிட்டிங்கிறதாலதான் இப்பிடி அடிக்கிது."

எல்லோருக்கும் பாக்கியம்

மாகாணத்திலிருந்து பார்க்க வந்தவர் ஒரு டொக்டர் அம்மா. எங்கள் ஆட்கள் டொக்டர் நோனா என்பார்கள். கண்டிப்பான மனுஷி, ஆனால் கொடுத்த தேநீரை மிச்சம் வைக்காமல் குடிக்கிறவர். இறுதிப் பரீட்சைக்கு முன்னால் ஒரு தடவை சும்மா பார்த்துப் போக வந்ததாகச் சொன்னார். சும்மா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை வேர்க்கும். அவர் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இங்கே வேலை செய்கிறவர்களுக்கு உங்களில் யாராவது சொந்தமா?

எங்கள் ஆட்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அன்று அது தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பாக்கியம் தனக்கு மகள் முறை என்றார் காளிமுத்து. தனக்கு நாத்தனார் முறை என்றார் தெய்வானை. அடுத்தவருக்கு அவள் சின்னம்மா, அதற்கடுத்தவருக்கு மருமகள். ஏதாவது ஒன்று சொல்லாவிட்டால் மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, குணதாசவும் "மகே நங்கி வகே" என்றார், தன் தங்கச்சி மாதிரியாம். நோனாவின் பேனா ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு புள்ளிக்கும் லொறியின் பின்கதவு ஒரு தடவை திறந்து மூடுவதாக எனக்குத் தோன்றியது.

தேநீர் கொடுத்துக் காலில் விழாத குறையாக விளக்கினேன். பாக்கியம் கித்துல்கல பக்கத்து றப்பர் தோட்டத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்தக் கமிட்டியில் அவளுக்கு உண்மையான சொந்தம் ஒருவரும் கிடையாது. ஆனால் தோட்டத்தில் யாரையும் முறை சொல்லாமல் கூப்பிடமாட்டார்கள். நோனா நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் புள்ளிகளை அடித்துவிட்டு, அப்படியானால் உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டார். எனக்கு முறையெல்லாம் இல்லை, ஐயா என்பார்கள் என்றேன்.

"அனே பவ், ஐயோ பாவம்! அப்போ விதிக்குப் பொருந்துற ஒரே ஆள் நீங்கதான்."

இருமலுக்கு நேரம்

அந்தச் சிரிப்போடு அவர் போயிருக்கலாம். போகவில்லை. கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் 'ஏகமனதாக' என்று நான் அழகாக எழுதியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நோனா புத்தகத்தை மூடி, இது கமிட்டியல்ல, உங்கள் கையெழுத்துப் பயிற்சி என்றார். நீங்கள் கேட்டு அவர்கள் மறுத்த ஒரு விஷயத்தை, ஒரே ஒரு விஷயத்தை, அடுத்த தடவை எனக்குக் காட்டுங்கள். ஆமாம் மட்டும் சொல்கிற கமிட்டியைக் கமிட்டி என்று நான் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அடுத்த தடவை என்பது இறுதிப் பரீட்சை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினால் டிஸ்பென்சரியை மூடிவிடுவார்கள், இனி நீங்கள் எனக்கு மறுப்புச் சொல்ல வேண்டும் என்றேன். "சரிங்க" என்றார்கள். புரிந்ததா என்றேன். "சரிங்க." சோதித்துப் பார்க்கலாம் என்று, நாளையிலிருந்து டிஸ்பென்சரியைக் காலையில் திறக்காமல் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு திறந்தால் என்ன என்று கேட்டேன். "சரிங்க." காலையில் வருகிற நோயாளிகள் என்ன செய்வார்கள்? காளிமுத்து பெஞ்சை ஒரு முறை பார்த்தார். எல்லோர் சார்பிலும் "சரிங்க" என்றார். தலையில் கை வைத்துக்கொண்டு கூட்டத்தை முடித்தேன்.

மறுநாள் காலை பெஞ்சில் ஒரு குருவிகூட இல்லை. தோட்டத்தில் ஒருவருக்கும் நோயில்லையே என்று சந்தோஷப்படுகிற ஆள் நானில்லை. ஏதோ நடந்துவிட்டது என்று பதறி, மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். காய்ச்சல்காரர்கள் காம்பரா அறைகளுக்குள் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். கையில் கத்தி வெட்டு விழுந்த ஒருவர் துணியைச் சுற்றிக்கொண்டு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வானை வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் யாரும் வரவில்லை என்று கத்தினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பகலைக்குன்னு நீங்கதானங்க கமிட்டில போட்டீங்க? இருமுறத நிப்பாட்டிக்கிட்டுத்தான் ஒக்காந்திருக்கேன், அதுக்கும் வந்து சத்தம் போட்டா எப்பிடிங்க?"

சனிக்கிழமை அப்பா

இடையில் என் வீட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு ரம்புக்கனைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. கண்டிக்கு மலையேறப் போகிற ரயில்கள் நின்று மூச்சு வாங்குகிற ஊர் அது. பஸ் மாறி மாறி நான் அங்கே போய்ச் சேரும்போது எனக்கும் அப்படித்தான் மூச்சு வாங்கும். போய்ச் சேர்ந்தாலும் நிம்மதி கிடையாது. தோட்டத்தில் யாருக்காவது வலி வந்திருக்குமோ, பாக்கியம் தனியாக என்ன செய்கிறாளோ என்று சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தோட்டத்தில் இருந்தால் மகளுக்குக் காய்ச்சலோ என்று யோசிப்பேன். ஒரு மனுஷன் இரண்டு ஊருக்குக் கவலைப்பட வேண்டுமென்றால் அது லேசான வேலையல்ல.

ரம்புக்கனைப் பக்கம் ஓர் இடம் காலியானது. இடமாற்றம் கேட்டு எழுதினேன். கிடைத்த மாதிரிதான் என்று தகவல் வந்தது; கமிட்டியின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. எனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்புவோம் என்றும் எழுதியிருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் கவலைப்படாமல் விட்ட காரியம் அது ஒன்றுதான். எதற்கும் சரிங்க என்கிற கமிட்டி இதற்கு மட்டும் என்ன சொல்லிவிடப் போகிறது? அந்த வாரம் ரம்புக்கனைக்குப் போனபோது பக்கத்து வீட்டுக்கு யாரோ புதிதாக வந்திருந்தார்கள். என் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என்னை அறிமுகப்படுத்தினாள்.

"இவரு எங்க சனிக்கிழமை அப்பா. இனிமே எல்லா நாளும் அப்பாவா ஆகப் போறாரு."

மழையில் நின்ற பொறுப்பாளர்

பொறுப்பாளரைப் பற்றிக் கமிட்டி வருஷத்துக்கு ஒரு தடவை தனியாகக் கூடி அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு விதி. அப்போது பொறுப்பாளர் அங்கே இருக்கக் கூடாது. அவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் கீழே தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். போனதும் தூறல் பிடித்தது. குடை உள்ளே இருந்தது. போய் எடுத்தால் ஒட்டுக் கேட்க வந்ததாக ஆகிவிடுமே என்று நனைந்துகொண்டே நின்றேன். மேலே ஒரு நேரம் சிரிப்புக் கேட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள்? பிறகு சத்தமே இல்லை. சத்தமில்லாதது சிரிப்பைவிட மோசம். போன மாதம் ஒருவரை ஏசியது, ஓர் ஊசி பிசகி வீங்கியது, எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. சப்பாத்துக்குள் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை.

காளிமுத்து இறங்கி வந்தபோது நான் காலெல்லாம் இரத்தமாக நின்றேன். என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்காமல் குனிந்து அட்டையைப் பிடுங்கினேன். அவரே சொன்னார்.

"முடிவு ஒண்ணும் எடுக்கலீங்க ஐயா. இந்த மனுசன் மழையில நிக்கிறாரே, கூப்புட்டா விதிக்கு கொறையாகுமான்னுதான் இம்புட்டு நேரமும் பேசிக்கிட்டு இருந்தோம்."

இறுதிப் பரீட்சை

டொக்டர் நோனா நல்ல மழையில் வந்து சேர்ந்தார். பெஞ்சில் ஒரு முனையில் உட்கார்ந்து, தான் இல்லையென்று நினைத்துக் கூட்டத்தை நடத்துங்கள் என்றார். காளிமுத்து தொண்டையைச் செருமினார். மறுப்புச் சொல்வதற்கென்றே சில விஷயங்களை நான் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தேன். குழாயை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கேட்டேன். "சரிங்க" என்றார்கள். வெளியாள் முன்னால் மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்று நினைத்துவிட்டார்கள். கூரையைத் திருத்தாமல் விடலாமா? ஒழுகுகிற தண்ணீர் காளிமுத்துவின் தோளிலேயே விழுந்துகொண்டிருந்தது. "சரிங்க." நோனா பேனாவை மூடினார். நான் மனதுக்குள் பிரசவக் கட்டிலைக் கழற்றி லொறியில் ஏற்றுகிற காட்சி வரைக்கும் போய்விட்டேன்.

மிச்சமிருந்தது என் இடமாற்றம் மட்டும்தான். அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற வெறுப்பில், தலையைத் தூக்காமலே தமிழில் ஒரு தடவையும் சிங்களத்தில் ஒரு தடவையும் வாசித்தேன். சரிங்க வரவில்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை வாசித்தேன். காளிமுத்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வானை பெஞ்சிலிருந்து எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. நோனாவைப் பார்த்து, "தென்ன பே நோனா" என்றார். கொடுக்க முடியாது என்று சிங்களத்தில். எனக்கு ஒரு நிமிடம் எந்த மொழியும் விளங்கவில்லை. எனக்குப் பதிலாக ஆள் வருவார், அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது என்றேன். அப்போதுதான் தெய்வானை என் பக்கம் திரும்பினார்.

"மேல் டிவிசன் பள்ளிக்கூடத்து டீச்சரு போனப்பவும் பதிலுக்கு ஆள் வரும்னுதாங்க சொன்னாங்க. அவரு இன்னமும் வந்துக்கிட்டுத்தான் இருக்காரு."

குணதாசவும் எழுந்து தனக்கும் சம்மதமில்லை என்றார். யார் யார் மறுக்கிறீர்கள் என்று காளிமுத்து கேட்டார். எல்லாக் கைகளும் மேலே போயின. அவருடைய கை முதலில். எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், சந்தோஷம் வரவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் மகள் சொன்னது காதில் கேட்டது. இவர்களுக்கு வாய் திறக்க வேறு விஷயமே கிடைக்கவில்லையா? அப்படி நினைத்துக்கொண்டே பெஞ்சைப் பார்த்தேன். கையைத் தூக்கியவர்களில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னை மறுத்துப் பேச அவர்களுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. நோனா பேனாவைத் திறந்து வேகமாக எழுதினார். ஜீப்புக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"டிஸ்பென்சரியை யாரும் மூடமாட்டாங்க. உங்கள வேணாம்னு சொல்லித்தான் பாஸ் பண்ணுவாங்கன்னு நினைச்சேன், போகவேணாம்னு சொல்லிப் பாஸ் பண்ணிட்டாங்க."

அந்தி வரைக்கும் நான் உள்ளே போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாக்கியம் தேநீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பெஞ்சில் கடைசியாகத் தெய்வானை மட்டும் உட்கார்ந்திருந்தார், சளி மருந்துக்கு. போத்தலை நீட்டினேன். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. டீச்சரம்மாவையும் பாப்பாவையும் இங்கனயே கூட்டியாந்துருங்க, பாத்துக்க நாங்க இல்லையா?"

ஐயாவாக இருந்த நான் எந்த நேரத்தில் தம்பியானேன் என்று தெரியவில்லை. விதிப்படி பார்த்தால் அந்த ஒரு சொல்லோடு நானும் கமிட்டிக்குச் சொந்தக்காரனாகிவிட்டேன். நோனாவின் ஜீப் அதற்குள் ஓப்பநாயக்கவைத் தாண்டியிருந்தது என் நல்ல காலம். அடுத்த தை மாதம் என் மனைவி எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கேட்டாள். கேட்ட உடனே கிடைத்தது, ஏனென்றால் அவள் விட்டு வந்த பள்ளிக்கூடத்துக்கு அப்போது கமிட்டி இல்லை.

ஒரு கமிட்டிக்கு வாய் திறக்கப் பழக்க நினைக்கிற என் சக துன்பக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: முதலில் உங்கள் இடமாற்றத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிறகு பழக்குங்கள்.